பெத்தானியாவின் பந்தியும் கடைசி வீட்டுத் தட்டுகளும்

2024 பிப்ரவரி 11-ஆம் நாள், சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளாக அமைந்தது. எங்கள் ஊரில் பாதிக் கடைகள் அடைத்துக் கிடந்தன. சிற்றாலயத்திலும் பாதி இருக்கைகள் காலியாகவே இருந்தன. அன்றைய முதல் வாசகத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்திருந்தது. லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், தொழுநோய் கண்டவன் கிழிந்த உடை உடுத்தி, தலைமுடியை விரித்துப் போட்டு, மேலுதட்டை மூடிக்கொண்டு, 'தீட்டு, தீட்டு' என்று தானே கத்திக்கொண்டு பாளையத்துக்கு வெளியே தனித்து வாழ வேண்டும் என்று விதிக்கும் பகுதி அது. அதற்கு மறுமொழி போல, மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து, தொழுநோயாளர் ஒருவர் இயேசுவின் முன் முழந்தாளிட்ட நிகழ்ச்சியைப் பங்குத்தந்தை வாசித்தார். வாசித்து முடித்து என் இடத்துக்குத் திரும்பிய பிறகு, என் கண் தானாக ஆலயத்தின் இடப்புறச் சன்னலுக்குப் போயிற்று. அந்தச் சன்னலுக்கு வெளியே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் அறிந்த இவ்வூருக்கு, 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். மலேசியாவில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய இந்தப் பகுதியைச் சுற்றி அந்தக் காலத்தில் பால்மரத் தோட்டங்கள்தாம் இருந்தன; இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை நிற்கிறது. நான் பிறந்த தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. ஆனால், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களம் எது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை எது, கடைசி லயத்தின் கடைசி வீடு எது என்று செம்பனை வரிசைகளுக்கு நடுவே நின்று இன்றும் என்னால் காட்ட முடியும். அந்தக் கடைசி வீடுதான் 'பூலோ தாத்தா'வின் வீடு.

அவருடைய உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் கண்டதில்லை. இளவயதில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரை, முதுகில் தேமல் போல ஏதோ படர்ந்து, விரல் நுனிகளில் சூடு தெரியாமல் போனபோது, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் பார்த்து, எழுதி, சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1968-இல், நோய் நீங்கியது என்ற காகிதத்தோடு அவர் திரும்பி வந்தார். அதற்குள் பெற்றோர் இறந்துவிட்டிருந்தார்கள். அண்ணன் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. மாட்டுக்கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் வேலையும் யாரும் கேட்காத அந்தக் கடைசி வீடும் அவருக்குக் கிடைத்தன. இரண்டு கைகளிலும் விரல்கள் மடங்கியிருந்தன. இடது காலில், தேய்ந்த கார் டயரை வெட்டித் தைத்த செருப்பு ஒன்றைக் கட்டியிருப்பார். சுங்கை பூலோவில் இருந்தபோது அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். ஞாயிறு தவறாமல் மூன்று மைல் நடந்து ஆலயத்துக்கு வருவார்; வந்து, உள்ளே நுழையாமல், இடப்புறச் சன்னலை ஒட்டி நின்று பூசை காண்பார். நற்கருணை நேரத்தில் சாமியார் படியிறங்கிப் போய் அவருக்குக் கொடுத்துவிட்டு வருவதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம்.

யாரும் அவரை 'உள்ளே வராதே' என்று சொன்னதில்லை என்று என் அப்பா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். 'உள்ளே வாருங்கள்' என்றும் யாரும் சொல்லவில்லை என்பதை அப்பா சொல்ல மாட்டார்.

தொழுநோயாளர் குணமான கதையை நான் முதலில் கேட்டது அவர் வாயால்தான். பிள்ளைகள் மாட்டுக்கொட்டகைக்கு வெளியே வேலியின் மேல் உட்கார்ந்திருப்போம். அவர் உள்ளே சாணம் அள்ளியபடி வேதக் கதைகளைச் சொல்வார். நடுவில் வேலி இருந்ததால் பெற்றோரும் தடுக்கவில்லை. மற்றக் கதைகளை வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், இந்தக் கதைக்கு மட்டும் கூடையைக் கீழே வைத்துவிடுவார். "தம்பி, வரிசையைக் கவனி. மொதல்ல தொட்டாரு. அப்புறந்தான் சொகமாச்சு. சொகமானப்புறம் தொட்டாருன்னு எழுதலே," என்பார். எட்டு வயதில் இதன் கனம் எனக்கு விளங்கவில்லை. பிறகு நான் படித்த விளக்கவுரைகள் எதுவும் இதைவிடச் சரியாக அந்த வசனத்தின் நரம்பைப் பிடிக்கவில்லை என்பதே என் கருத்து.

மாற்கு எழுதிய வரிசை அதுதான். நோயாளி, 'நீர் விரும்பினால் என்னைத் தூய்மையாக்க உம்மால் முடியும்' என்கிறார். இயேசு கையை நீட்டுகிறார், தொடுகிறார், அதன் பிறகு 'விரும்புகிறேன், தூய்மையாகும்' என்கிறார், உடனே நோய் நீங்குகிறது. தொட்ட அந்தக் கணத்தில் அவர் தொட்டது, மோசேயின் சட்டப்படி தீட்டுள்ள உடலை. அதன் பிறகு வருவதுதான் எனக்கு எப்போதும் புதிராக இருந்த பகுதி. இயேசு அவரைக் கண்டிப்பான குரலில் எச்சரித்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்க் குருவிடம் காட்டு என்று உடனே அனுப்பிவிடுகிறார். 'அனுப்பினார்' என்று நாம் மென்மையாக வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல், பேய்களைத் துரத்தும் இடங்களிலும் மாற்கு பயன்படுத்தும் அதே கடுமையான சொல். இரக்கத்தால் தொட்டவர், அடுத்த கணமே ஏன் துரத்துகிறார்? நற்செய்தி நூல்களின் பழைய பிரதிகளுள் ஒன்றான பெசா கையெழுத்துச் சுவடியில் 'இரக்கம் கொண்டு' என்ற இடத்தில் 'சினம் கொண்டு' என்றே இருக்கிறது. சினந்தது நோயின் மீதா, அந்த மனிதரைப் பாளையத்துக்கு வெளியே நிறுத்திய ஏற்பாட்டின் மீதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சன்னலுக்கு வெளியே நின்றவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சினம் என்ற பாடம் அப்படியொன்றும் விபரீதமாகத் தோன்றவில்லை.

குணமானவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு போகவில்லை. எங்கும் அறிவிக்கத் தொடங்கிவிட்டார். அங்கே மாற்கு இடும் 'அறிவித்தல்' என்னும் சொல், அதே அதிகாரத்தில் திருமுழுக்கு யோவானின் பணிக்கும் இயேசுவின் பணிக்கும் இட்ட சொல்லேயாகும். இயேசு தம் சீடர் பன்னிருவரை ஏற்படுத்தி, அறிவிப்பதற்காக அவர்களை அனுப்ப நினைத்தது மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஆக, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத, பெயர்கூட எழுதப்படாத இந்த மனிதர், யாரும் நியமிக்காமலே, தடுத்தும் கேளாமலே, பன்னிருவருக்கு முன்னால் அந்தப் பணியைத் தொடங்கிவிட்டார். கீழ்ப்படியாத சீடர் என்று அவரைச் சொல்லலாம். அதன் விளைவையும் மாற்கு மறைக்கவில்லை: இயேசுவால் அதன் பிறகு எந்த நகரத்துக்குள்ளும் வெளிப்படையாக நுழைய முடியவில்லை, வெளியே, ஆளில்லாத இடங்களிலேயே தங்க வேண்டியதாயிற்று. வெளியே இருந்தவர் ஊருக்குள் போய்விட்டார், தொட்டவர் வெளியே நிற்கிறார்.

குருவிடம் காட்டு என்பது வெறும் சம்பிரதாயம் அன்று. லேவியர் 14-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்த்தால், அது எவ்வளவு நீண்ட வேலை என்பது புரியும். இரண்டு பறவைகள், கேதுருக் கட்டை, கருஞ்சிவப்பு நூல், ஈசோப்புச் செடி ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். ஒரு பறவையை, ஊற்று நீர் உள்ள மண்பாண்டத்தின் மேல் கொல்ல வேண்டும். மற்றதை அந்த இரத்தத்தில் தோய்த்து, குணமானவர்மேல் ஏழு முறை தெளித்து, திறந்த வெளியில் பறக்கவிட வேண்டும். பின்பு அவர் உடையைத் துவைத்து, முடி முழுவதையும் மழித்து, குளித்து, பாளையத்துக்குள் வரலாம். ஆனாலும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். எட்டாம் நாள் மூன்று ஆடுகள். வசதியில்லாதவருக்கு ஓர் ஆடும் இரண்டு புறாக்களும் போதும் என்று சட்டமே இறங்கி வருகிறது. வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் குரு இரத்தத்தையும் எண்ணெயையும் பூசுவார். குரு குணப்படுத்துவதில்லை, பார்த்து, 'தூய்மை' என்று அறிவிப்பார். அந்த அறிவிப்பு இல்லாமல், உடல் எவ்வளவு நலமாக இருந்தாலும் ஊர் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. (அந்நூல் சொல்லும் 'ட்சாரத்' என்னும் நோய் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வரும்; ஆகவே 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்த கிருமியால் வரும் நோயோடு அதை அப்படியே ஒன்றாக்கிவிட முடியாது. கிரேக்கத்தில் 'லெப்ரா' என்று மொழிபெயர்த்தபோது தொடங்கிய குழப்பம், பல நூற்றாண்டுகளாக ஆன்சன் நோயாளிகளின் தலைமேல் விடிந்தது.)

தாத்தாவிடமும் அந்த அறிவிப்பு இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னுக்குள், எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்திருப்பார். யாராவது புதிதாகத் தோட்டத்துக்கு வந்தால், கேட்காமலே எடுத்துக் காட்டுவார். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் தோட்டத்து எழுத்தரான கிராணி ஒருவர்தாம்.

சுங்கை பூலோவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க 1926-இல் சட்டம் வந்தது. அதையடுத்து, 1930-இல், சுங்கை பூலோவில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அந்தக் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறைச்சாலை போன்ற கொட்டடிகளுக்குப் பதிலாகத் தோட்டம் சூழ்ந்த சிறு சிறு வீடுகள் வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் திரவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த காலமும் உண்டு. பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயங்கள், நோயாளிகளிலிருந்தே அமைத்த காவல் படை, சிறைக்கூடம், வெளியே செல்லாத தனிப் பணத்தாள் என்று எல்லாமே அங்கே இருந்தன. பிள்ளை பிறந்தால் உடனே பிரித்துவிடுவார்கள். எத்தனையோ தாய்மார் தம் குழந்தையை மறுபடி பார்த்ததே இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது. அந்த மருந்துக்குக் கிருமி அடங்காமல் போவதை உலகத்துக்கு முதன்முதலில் நிறுவிக் காட்டிய ஆய்வும், 1964-இல், அங்கிருந்த நோயாளிகளைக் கொண்டே வெளிவந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த பிறகுதான் இந்நோய் முழுமையாக அடங்கும் ஒன்றாயிற்று. மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் தொற்றவே தொற்றாது. மருந்து தொடங்கிவிட்டால் நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் விரைவில் நின்றுவிடும். இவையெல்லாம் எங்கள் லயத்துக்கு வந்து சேரவில்லை. எங்களுக்கு 'சுங்கை பூலோ' என்பது ஓர் ஊரின் பெயரே அன்று. 'பெருவியாதி' என்று வாய்விட்டுச் சொல்லக் கூசியவர்கள் அதற்குப் பதிலாகச் சொன்ன சொல்.

அதனால்தான் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அதனாலேயே நற்செய்தி நூல்களில் வரும் தொழுநோயாளருள் எனக்கு மிக நெருக்கமானவர், மாற்கு முதல் அதிகாரத்தில் முழந்தாளிட்டவரோ, லூக்கா 17-இல் பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்த சமாரியரோ அல்லர். பெத்தானியாவில் வீடு வைத்திருந்த சீமோன்தான்.

மாற்கு 14-ஆம் அதிகாரமும் மத்தேயு 26-ஆம் அதிகாரமும் அவரைப் பற்றிச் சொல்வது ஒரே ஒரு தொடர்: பெத்தானியாவில், தொழுநோயாளர் சீமோனின் வீட்டில், இயேசு பந்தியில் இருந்தார். அவ்வளவுதான். அவர் எப்போது குணமானார், யார் குணமாக்கினார் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் நோயோடு இருப்பவர் ஊருக்குள் வீடு வைத்து விருந்து கொடுக்க முடியாது. ஆகவே அவர் குணமானவர் என்றே பழைய உரையாசிரியர்கள் முதல் இன்றைய அறிஞர்கள் வரை பெரும்பாலோர் கொள்கிறார்கள். குணமாகியும் பெயர் மாறவில்லை. 'தொழுநோயாளர் சீமோன்' என்றால்தான் அக்கம்பக்கத்தாருக்கு எந்தச் சீமோன் என்று விளங்கியிருக்கும் போலும். பழைய சீர்திருத்தத் திருச்சபை மொழிபெயர்ப்பில் 'குஷ்டரோகியாயிருந்த சீமோன்' என்று இருக்கிறது. 'ஆயிருந்த' என்ற அந்த எச்சத்தை மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கத்தில் இல்லாமலே சேர்த்திருக்கிறார்கள். முன்பு இருந்து இப்போது இல்லை என்று படிப்பவர் கொள்ளட்டும் என்ற கரிசனமாக இருக்கலாம். இக்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு, மூலத்தைப் போலவே, 'தொழுநோயாளர் சீமோன்' என்று நேராகச் சொல்லிவிடுகிறது. 'பூலோவில் இருந்த தாத்தா' என்பதற்கும் 'பூலோ தாத்தா' என்பதற்கும் உள்ள தொலைவு அது. 'அரமேய மொழியில் தொழுநோயாளரையும் சாடி செய்பவரையும் குறிக்கும் சொற்கள் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவேளை அவர் சாடி வணிகர்தாமோ' என்று கருதியவர்களும் உண்டு. சாமர்த்தியமான ஊகம், ஆனால், அவரை அந்தப் பெயரிலிருந்து காப்பாற்றும் அவசரம் அதில் தெரிகிறது.

பெத்தானியா எருசலேமுக்குக் கிழக்கே, ஒலிவ மலையின் மறுசரிவில், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சிற்றூர். சாக்கடலருகே கும்ரானில் கிடைத்த 'கோயில் சுருள்' என்னும் பழைய யூதச் சுவடி, தொழுநோயாளர் முதலியோருக்கு நகரத்தின் கிழக்கே தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்கிறது. பெத்தானியாவே அப்படி ஒதுக்கப்பட்ட ஓரிடமாக இருந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுவது இதனால்தான். அப்படியானால் அது நகரத்தின் கடைசி லயம்.

வேறொரு சுவடியும் நினைவுக்கு வருகிறது. 1935-இல் வெளியிடப்பட்ட, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள எகர்ட்டன் பாப்பிரசுத் துண்டில், இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட ஒரு நற்செய்தியின் கிழிசல் இருக்கிறது. அதில் தொழுநோயாளர் இயேசுவிடம், தான் தொழுநோயாளரோடு வழிநடந்து, சத்திரத்தில் அவர்களோடு சேர்ந்து உண்டதால் தனக்கும் நோய் வந்துவிட்டது என்கிறார். நோய் வந்த காரணமாக அவர் நினைப்பது, கூட உண்டதை. எங்கள் தோட்டமும் அப்படித்தான் நினைத்தது.

இப்போது தட்டுகளுக்கு வருகிறேன். தீபாவளிக்கு இந்து வீடுகளிலிருந்தும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளிலிருந்தும் லயம் முழுவதும் பலகாரத் தட்டுகள் போகும். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை. பெற்றுக்கொண்டவர் தட்டைக் கழுவி, வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது என்பதால் ஒரு கை சீனியோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத் திருப்பித் தருவார்கள். எவர்சில்வர் தட்டுகள் கலந்துவிடக் கூடாது என்று விளிம்பில் வீட்டுக்காரர் பெயரை வெட்டியிருப்பார்கள். 1971 கிறிஸ்துமஸுக்குத் தாத்தா வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனவன் நான். புறப்படும்போது அம்மா, "குடுத்துட்டு வந்துடு. தட்டு வேணாம்," என்றார். தாத்தா பலகாரத்தைத் தம் மங்குக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, மடங்கிய விரல்களுக்கிடையே தட்டைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் கழுவி, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, சீனி டப்பாவைத் திறந்தார். "அம்மா அப்புறமா வாங்கிக்கிறேன்னு சொன்னாங்க தாத்தா," என்றேன். அவர் டப்பாவை மூடினார். "சரி தம்பி. அப்புறமா வாங்கிக்கச் சொல்லு," என்றார். அடுத்த ஆண்டும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த ஆண்டு அம்மா வாழையிலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஆண்டுக்கொரு தட்டு போய்க்கொண்டிருந்தால் எந்தத் தோட்டக் குடும்பத்துக்குத்தான் கட்டுப்படியாகும்.

அம்மாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் பலகாரம் அனுப்பினார். பல வீடுகளில் அதுவும் இல்லை. ஆனால் கொடுப்பது எளிது. அந்த வீட்டிலிருந்து ஒரு கை சீனியை வாங்கிக்கொள்வதுதான் முடியாமற்போயிற்று. பெத்தானியா நிகழ்ச்சியை நான் புரிந்துகொள்வது இந்த இடத்திலிருந்துதான். இயேசு சீமோனுக்கு எதையும் கொடுத்ததாக அங்கே எழுதவில்லை. அவர் சீமோனின் வீட்டில் உண்டார், சீமோனின் பாத்திரத்தில், சீமோனின் கை வைத்ததை. முதல் அதிகாரத்தில் தொட்டுத் தொடங்கிய வேலை, பாடுகளுக்கு இரண்டு நாள் முன்பு, இந்தப் பந்தியில்தான் முடிகிறது என்று நான் கொள்கிறேன். சீமோனுடைய சீடத்துவமும் இங்கேதான் இருக்கிறது. தலைமைக் குருக்கள் இயேசுவைப் பிடித்துக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்ததை, அதே அதிகாரத்தின் முதல் வசனம் சொல்கிறது. அந்த நேரத்தில் அவருக்குக் கதவைத் திறந்துவைப்பது துணிச்சலான காரியம். ஒருமுறை வெளியே தள்ளப்பட்டவருக்கு, மறுபடி தள்ளப்படுவதன் விலை மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

அந்தப் பந்தியில்தான் ஒரு பெண் நறுமணத் தைலச் சிமிழை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றினார். முந்நூறு தெனாரியத்துக்கு மேல் போகும் என்று அங்கிருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள்; ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி, ஆகவே ஏறக்குறைய ஓர் ஆண்டுச் சம்பளம். பழைய மொழிபெயர்ப்பில் 'நளதம்' என்று வரும் அந்தத் தைலம், இமயமலைச் சரிவில் விளையும் சடாமாஞ்சில் வேரிலிருந்து எடுப்பது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும். கங்கைக் கரை நளதம் சேரநாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி ரோமாபுரி நாடுகளுக்குப் போனதற்கு, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசு ஒப்பந்தம் ஒன்று சான்றாக உள்ளது. சீமோன் வீட்டில் கமழ்ந்த வாசனையும் அந்த வழியே, தமிழ் பேசிய சுமைக்காரர்களின் தோளில் ஏறி இறங்கிப் போயிருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. புண்ணின் வாடையைச் சொல்லிச் சொல்லியே ஒதுக்கப்பட்ட ஒருவரின் வீடு, அன்று ஓர் ஆண்டுக் கூலியின் விலைக்கு மணத்தது.

பிற்கால ஐரோப்பியப் புராணம் ஒன்று, இந்தச் சீமோனே பிரான்சு நாட்டு லெ மான் நகரின் முதல் ஆயராகிய புனித யூலியானாக ஆனார் என்கிறது. வரலாற்று ஆதாரம் இல்லாத கதை. அதைவிட, அந்தக் கதை எனக்குப் பிடிக்காத காரணம் வேறு: தொழுநோயாளராக இருந்தவருக்கு மதிப்புத் தர, அவர் பெயரை மாற்றி, ஊரை மாற்றி, ஆயரின் தொப்பியையும் வைக்க வேண்டியிருக்கிறது. பெத்தானியாவிலேயே, அதே பெயரோடு, அதே வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சீமோன் போதும் எனக்கு.

பூலோ தாத்தா 1986-இல் இறந்தார். அடக்கம் முடிந்து, நிர்வாகம் கேட்டுக்கொண்டபடி வீட்டைக் காலிசெய்ய அப்பாவோடு நானும் இன்னும் மூன்று பேரும் போனோம். கட்டில், பிஸ்கட் டின், செபமாலை, ரோஜாத் தொட்டிகள் சில. சுங்கை பூலோவில் கற்ற செடி வளர்ப்பை அவர் கடைசிவரை விடவில்லை. அங்கிருந்தவர்கள் தொடங்கிய நாற்றுப் பண்ணைகளுக்குத்தான் இன்று கோலாலம்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு செடி வாங்கப் போகிறார்கள். அடுக்களைச் சுவரின் மாடத்தில், வெள்ளைத் துணி போர்த்தி, பத்தொன்பது எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை. விளிம்புகளில் லயத்து வீடுகளின் பெயர்கள். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். வாசித்த பெயருக்குரியவர் ஒருவர் எங்களோடு நின்றுகொண்டிருந்தார், அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டில் அம்மாவின் பெயர் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா ஒன்றும் பேசாமல், புளியும் சாம்பலும் போட்டு அவற்றைத் தேய்த்தார். முன்பே பளபளவென்றுதான் இருந்தன. அன்று இரவு அப்பாவுக்கும் எனக்கும் சோறு அவற்றில்தான் விழுந்தது.

அதே ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் குருத்து ஞாயிறு. மாற்கு எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசிக்கும் ஆண்டு அது. நீண்ட வாசகம் 14-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கும். குறுகிய வாசகம் 15-இலிருந்து. வெயிலையும் முதியவர்களின் முழங்காலையும் கருதி, எங்கள் ஆலயத்தில் நான் அறிந்தவரை குறுகியதைத்தான் வாசிப்பார்கள். அதனால் பெத்தானியாப் பந்தியே அதில் வருவதில்லை. இந்த முறை நான் போய்ப் பங்குத்தந்தையிடம் நீண்டதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். காரணம் கேட்டார், சன்னலைக் காட்டிச் சொன்னேன். சரி என்றார். நிகழ்ச்சிகளை எடுத்துரைப்பவரின் பகுதி எனக்கு. சீமோன் பெயர் வருமிடத்தில் குரல் நடுங்காமல் வாசித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பூசை முடிந்து, குருத்தோலையோடு வாசலில் நிற்கும்போது, எங்கள் பழைய லயத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கு அப்போது எண்பது வயது. அந்தப் பத்தொன்பதில் ஒரு தட்டு அவர் வீட்டுடையது.

"ஏம்ப்பா, அந்தச் சீமோனு வீட்டுல சாப்பிட்டாருன்னு படிச்சியே, இத்தனை வருசத்துல நான் இதைக் கேட்டதே இல்லியே. நெசமாவே இருக்கா?"

"இருக்குக்கா. எப்பவும் இருந்துச்சு. நாமதான் அங்கேருந்து ஆரம்பிக்கிறதில்ல."

அவர் சிறிது நேரம் ஓலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சமைச்சாங்கன்னு போட்டிருக்கா?"

"போடலக்கா."

"போட்டிருக்கணும்," என்றார்.